பழைய இங்கிலாந்து கிராமத்து அஞ்சலட்டைகளை வாசிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

வைக்கோல் வேய்ந்த வீடு, சுவரில் ஏறிய ரோஜாக்கொடி, பின்னால் சர்ச் கோபுரம், முன்னால் ஆளில்லாத மண் சாலை. இங்கிலாந்தின் பழைய பட அஞ்சலட்டைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். இணைய ஏலத்தில் இவற்றை விற்பவர்கள் கீழே ‘1900 வாக்கில்’ என்று ஒரு வரியைப் போட்டுவிடுவார்கள். அந்த வரியை நம்பி எதையும் வாங்காதீர்கள், எதையும் எழுதாதீர்கள்.

ஒரு அஞ்சலட்டைக்கு மூன்று வயது உண்டு. படம் எடுத்த வருடம் ஒன்று, அச்சடித்த வருடம் ஒன்று, தபால் பெட்டியில் போட்ட வருடம் ஒன்று. மூன்றும் ஒன்றாக அமைவது அபூர்வம். நன்றாக விற்ற ஒரு படத்தைப் பதிப்பாளர்கள் வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சடித்தார்கள்; அச்சடித்த கார்டோ கிராமத்துக் கடையில் தூசி படிந்து கிடந்து, வாங்க ஆள் வரும்வரை காத்திருந்தது. இந்த மூன்று வயதையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்கத் தெரிந்துவிட்டால் மிச்ச வேலை எல்லாம் தானாகவே சுலபமாகிவிடும்.

தேவையான கருவிகள் அதிகமில்லை. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸ்; மில்லிமீட்டர் அளவுகோல்; கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதாக்கதிர் டார்ச்; ஒரு ஸ்கேனர்.

படி 1: படத்தைப் பார்க்காமல் முதலில் திருப்புங்கள்

பிரிட்டனின் முதல் அஞ்சலட்டை 1870 அக்டோபர் 1 அன்று வெளிவந்தது. அதில் படம் கிடையாது. அரை பென்னி தபால்தலையை அஞ்சல் துறையே அச்சிட்டு விற்ற வெற்று அட்டை அது. தனியார் அச்சிட்ட கார்டில் தபால்தலை ஒட்டி அனுப்ப 1894 செப்டம்பரில்தான் அனுமதி கிடைத்தது. அப்போதைய கார்டு ஏறத்தாழ 115 x 89 மி.மீ. மட்டுமே. 1899 நவம்பரிலிருந்து 140 x 89 மி.மீ. அளவு அனுமதிக்கப்பட்டு, அதுவே வெகுகாலம் நிலைத்தது. ஆகவே அளவுகோலை வைத்ததுமே சின்ன கார்டுகள் தனியே பிரிந்துவிடும்.

அடுத்துப் பின்பக்கத்தின் நடுக்கோடு. 1902 ஜனவரிக்கு முன்பு பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டுமே. சேதி எழுத வேண்டுமானால் படத்தின் ஓரத்தில் விட்ட வெள்ளை இடத்தில்தான் எழுத வேண்டும். அந்தக் காலத்துக் கார்டுகளில் படம் சுருங்கி, சுற்றிலும் நுணுக்கி எழுதிய கையெழுத்து இருப்பதற்குக் காரணம் அதுதான். 1902இல் உலகிலேயே முதலாவதாக பிரிட்டன் பின்பக்கத்தை இரண்டாகப் பிரிக்க அனுமதித்தது: இடப்பக்கம் சேதி, வலப்பக்கம் முகவரி. ஜெர்மனி 1905இலும் அமெரிக்கா 1907இலும்தான் இதற்கு வழிவிட்டன. இடைப்பட்ட அந்தச் சில ஆண்டுகளின் கார்டுகளில் ‘உள்நாட்டுத் தபாலுக்கு மட்டும் இந்த இடத்தில் எழுதலாம்’ என்ற பொருளில் ஒரு குறிப்பு அச்சாகியிருக்கும். அந்தக் குறிப்பைக் கண்டால் கார்டு அச்சான காலம் 1902க்கும் அந்தப் பத்தாண்டின் பின்பாதிக்கும் நடுவே என்று எடுத்துக்கொள்ளலாம்.

பின்பக்கத்தில் இன்னொரு வரியையும் தேடுங்கள். ‘சாக்சனியில் அச்சிடப்பட்டது’, ‘பவேரியாவில் அச்சிடப்பட்டது’, அல்லது வெறுமனே ‘ஜெர்மனி’. வண்ண அச்சில் அன்று ஜெர்மனிதான் கொடிகட்டிப் பறந்தது. இங்கிலாந்தின் கிராமங்களைக் காட்டும் கார்டுகள் பெருவாரியாக அங்கேதான் அச்சாகி வந்தன. 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. ஆக, இந்த வரி இருந்தால் அச்சான வருடம் அநேகமாக 1914க்கு முன்பு. தபால் முத்திரை எந்த வருடத்தைச் சொன்னாலும் சரி.

படி 2: தபால்தலையும் முத்திரையும்

முத்திரை தெளிவாக இருந்தால் மூன்றாவது வயது, அதாவது தபாலில் போட்ட தேதி, கையில் கிடைத்துவிடும். சில முத்திரைகளில் மணி நிமிடம்கூட இருக்கும். அன்று ஒரு நாளைக்குப் பல முறை தபால் பட்டுவாடா நடந்ததால், ‘இன்று மாலை ரயிலில் வருகிறேன்’ என்று காலையில் கார்டு போடுவது சர்வ சாதாரணம்.

முத்திரை மங்கியிருந்தால் கட்டணம் கைகொடுக்கும். உள்நாட்டு அஞ்சலட்டைக் கட்டணம் மாறிய தேதிகள் இவை:

- 1870 முதல் 1918 ஜூன் 2 வரை: அரை பென்னி
- 1918 ஜூன் 3 முதல்: 1 பென்னி
- 1921 ஜூன் 13 முதல்: ஒன்றரை பென்னி
- 1922 மே 29 முதல்: மீண்டும் 1 பென்னி
- 1940 மே 1 முதல்: 2 பென்னி
- 1957 அக்டோபர் 1 முதல்: இரண்டரை பென்னி

இதில் ஒன்றரை பென்னி கார்டு ஒரு பொக்கிஷம். அந்தக் கட்டணம் ஒரு வருடத்துக்குள் வந்து போய்விட்டதால் ஏறத்தாழ துல்லியமான தேதி கிடைத்துவிடுகிறது.

தலையிலிருக்கும் மன்னரின் முகம் அடுத்த சான்று. விக்டோரியா 1901 ஜனவரியில் இறந்தார். ஏழாம் எட்வர்டின் தலைகள் 1902 ஜனவரி 1 முதல். அவருடைய அரை பென்னித் தலை முதலில் நீலப்பச்சையாக இருந்தது. 1904 நவம்பரில் மஞ்சள் கலந்த பச்சைக்கு மாறியது. ஐந்தாம் ஜார்ஜ் 1911 ஜூனிலிருந்தும், ஆறாம் ஜார்ஜ் 1937 மேயிலிருந்தும், இரண்டாம் எலிசபெத் 1952 டிசம்பரிலிருந்தும் தலைகளில் வருகிறார்கள். ஒரு எச்சரிக்கை: மன்னர் இறந்த மறுநாள் யாரும் பழைய தலைகளைத் தூக்கி எறிந்துவிடவில்லை. தலை சொல்வது ‘இதற்கு முன்பு இல்லை’ என்பதை மட்டுமே. ‘இதற்குப் பின்பு இல்லை’ என்பதை அல்ல.

படி 3: பதிப்பாளரைப் பிடியுங்கள்

படம் எடுத்த வருடத்துக்கு நெருங்க உதவுவது பதிப்பாளரின் எண். சிலரை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

பிரான்சிஸ் ஃப்ரித் 1822இல் பிறந்தவர். எகிப்தைப் படம் பிடித்துப் பெயர் வாங்கியவர். 1860இல் சர்ரே மாவட்டத்து ரைகேட் ஊரில் நிறுவனம் தொடங்கினார். பிரிட்டனின் ஒவ்வொரு ஊரையும் படம் பிடித்துவிடுவது என்பது திட்டம். அவர் 1898இல் இறந்துபோனார். அஞ்சலட்டை மோகம் அதற்குப் பிறகுதான் உச்சத்தைத் தொட்டது. நிறுவனம் 1970 வரை படம் எடுத்துக்கொண்டே இருந்தது. ஃப்ரித் கார்டில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண் நெகட்டிவின் எண். அதன்படி படத்தின் வருடத்தைக் கண்டுபிடிக்கலாம். அச்சின் வருடத்தை அல்ல. 1890களின் நெகட்டிவ் 1910இல் கார்டாகி வந்திருக்கலாம்.

ஸ்காட்லாந்தின் டண்டீயிலிருந்து இயங்கிய வாலன்டைன் நிறுவனமும் அப்படியே. ஆங்கில எழுத்துகள் ஜே.வி. இரண்டும் பின்னிய சின்னத்தையும் எண்ணையும் தேடுங்கள். அவர்களுடைய படங்களும் பதிவேடுகளும் இன்று செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இணையத்திலேயே தேடலாம்.

ஹேஸ்டிங்ஸ் நகரத்து ஜட்ஜஸ் நிறுவனத்தை லென்ஸ் இல்லாமலே அடையாளம் காணலாம். ஃப்ரெட் ஜட்ஜ் 1902இல் தொழிலைத் தொடங்கியவர். ஆழ்ந்த பழுப்பு நிறத்தில், மேகமும் பனிமூட்டமும் ஈரச் சாலையுமாக, ஓவியத்துக்குப் போட்டியாக நிற்கும் படங்கள். கீழே வெள்ளையில் கையால் எழுதிய தலைப்பு, எண். என் கணக்கில் இங்கிலாந்தின் நிலத்தை மனதாரப் பார்த்த பதிப்பாளர் இவர் ஒருவர்தான். மற்றவர்கள் ஊரைப் பட்டியலிட்டார்கள்.

ரஃபேல் டக் நிறுவனம் வேறு ரகம். ஓவியத் தாங்கியும் வண்ணத்தட்டும் சேர்ந்த சின்னம். 1903 முதல் ‘ஆயிலெட்’ என்ற பெயரில் தைல ஓவியம் போலத் தோன்றும் கார்டுகள். லண்டனில் இருந்த இவர்களுடைய தலைமையகம் 1940 டிசம்பர் 29 இரவு குண்டுவீச்சில் எரிந்து, ஆவணங்களும் மூல ஓவியங்களும் அழிந்தன. எனவே டக் கார்டுகளின் தேதியைச் சேகரிப்பாளர்கள் தொகுத்த பட்டியல்களை வைத்துத்தான் உறுதிசெய்ய முடியும். நீர்வண்ணத்தில் வரைந்த குடிசைகள் என்றால் கீழே கையொப்பத்தைப் பாருங்கள்: ஏ.ஆர். குவின்டன் என்று இருந்தால் அது செவனோக்ஸ் ஊரின் ஜே. சால்மன் நிறுவனம் வெளியிட்டது. குவின்டன் 1934இல் இறந்த பிறகும் அவருடைய படங்கள் பல பத்தாண்டுகள் விற்பனையில் இருந்தன. இந்த வகையில் ‘படத்தின் வயது’ என்ற கேள்விக்கே பாதி அர்த்தம்தான்.

பெயரே இல்லாத கார்டு கிடைத்தால் ஏமாற்றமடையாதீர்கள், மகிழுங்கள். உள்ளூர் மருந்துக்கடைக்காரரோ தபாலாபீஸ் கடைக்காரரோ சில டஜன் பிரதிகள் மட்டும் போட்டதாக இருக்கலாம். வெள்ளம் வந்த தெரு, எரிந்த வைக்கோல்போர், பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம், தடம்புரண்ட நீராவி எந்திரம் எல்லாம் இவர்களுடைய கேமராவில்தான் சிக்கின. பெரிய நிறுவனத்துக்காரர் கோடையில் ஒரு நாள் வந்து தேவாலயத்தையும் பாலத்தையும் படமெடுத்துக்கொண்டு போய்விடுவார். சந்தையில் விலையும் இதையொட்டியே போகிறது: சர்ச்சும் மாளிகையும் மலிவு, ஆட்கள் நிற்கும் கடைத்தெரு, ரயில் நிலையம், கொல்லன் பட்டறை, காற்றாலை எல்லாம் பல மடங்கு.

படி 4: லென்ஸ் வழியே

வானம் இருக்கும் பகுதியில் லென்ஸை வையுங்கள். வரிசை பிசகாத புள்ளிகள் தெரிந்தால் அது அரைத்தொனி அச்சு, அதாவது படத்தைப் புள்ளிகளாக உடைத்து அச்சிடும் முறை. ஒழுங்கில்லாத, புழு நெளிந்த மாதிரியான நுண்கோலம் என்றால் கொலோடைப், அதாவது ஜெலட்டின் பூசிய தட்டிலிருந்து அச்சிடும் முறை. புள்ளியே இல்லாமல் நிழல் தடையின்றிக் கரைந்தால் அது அசல் புகைப்படத் தாளில் பதித்த கார்டு. கறுத்த மூலைகளில் வெள்ளி மினுமினுப்புத் தெரிந்தால் அந்த முடிவு இன்னும் உறுதிப்படும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? அசல் புகைப்படத்தை ஸ்கேன் செய்து பெருக்கினால் கடைப் பலகையில் எழுதியதைப் படிக்கலாம். அரைத்தொனி அச்சில் புள்ளிகள்தான் பெரிதாகும்.

வண்ணத்தை மட்டும் சாட்சிக்கு அழைக்காதீர்கள். 1914க்கு முந்தைய கிராமத்து வண்ணக் கார்டுகள் அநேகமாக எல்லாமே கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் பூசியவை. பூசியவர் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. காட்ஸ்வோல்ட் பகுதியின் தேன்நிறக் கல்வீடு செங்கல் சிவப்பில் நிற்பதும், சாம்பல் கற்பலகைக் கூரை ஓட்டு நிறம் ஏறுவதும் அதனால்தான். பகலில் எடுத்த படத்தை நீலத்தில் அச்சிட்டு, ஒரு நிலாவை ஒட்டி, ஜன்னல்களில் மஞ்சள் தீட்டி ‘நிலவொளியில்’ என்று விற்றார்கள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, நிலா எங்கே நிற்கிறது என்று பாருங்கள்; குட்டு உடைந்துவிடும். மேகங்களும் வேறு நெகட்டிவிலிருந்து வந்தவையாக இருக்கலாம். தந்திக் கம்பங்களை அழிப்பதும், பழைய படத்தில் புதிதாக ஒரு காரை ஒட்டிப் ‘புதுப்பிப்பதும்’ நடந்தன.

புற ஊதாக்கதிர் டார்ச் இங்கேதான் உதவும். 1950களுக்குப் பிறகு காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் பரவலாகச் சேர்க்கப்பட்டது. டார்ச் வெளிச்சத்தில் அது நீலவெள்ளையாக ஒளிரும். ‘1905’ கார்டு அப்படிப் பளிச்சென்று ஒளிர்ந்தால் அது பிற்கால மறுபதிப்பு.

படி 5: படத்துக்குள் இறங்குங்கள்

இப்போதுதான் படத்தை முழுதாகப் பார்க்க வேண்டும், மெதுவாக. இங்கே விதி ஒன்றே: படத்தில் இருப்பவற்றில் ஆகப் புதியது எதுவோ, அதற்கு முன்பு அந்தப் படம் எடுக்கப்பட்டிருக்க முடியாது.

சாலையிலிருந்து தொடங்குங்கள். வெளிறிய புழுதிச் சாலை, வண்டித்தடம், குதிரைச் சாணம் என்றால் தார் வருவதற்கு முந்தைய காலம். கிராமங்களில் தார் பரவியது 1910களிலும் 20களிலும். கார் நின்றால் எண் பலகை உண்டா என்று பாருங்கள். 1904 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். அந்த எழுத்துகள் மாவட்டத்தையும் காட்டிக்கொடுக்கும்: ஏ.டி. (AD) குளோஸ்டர்ஷர், ஏ.எம். (AM) வில்ட்ஷர், எஃப்.எக்ஸ். (FX) டார்செட், ஏ.எஃப். (AF) கார்ன்வால், வெறும் டி (T) என்றால் டெவன். சாலையோரப் பெட்ரோல் பம்பு இருந்தால் முதல் உலகப் போருக்குப் பிந்தையது.

அடுத்து, ஊர்ப் பொதுப்புல்வெளியில் அல்லது சர்ச் வாசலில் போர் நினைவுச்சின்னம் இருக்கிறதா? இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பெரும்பாலான கிராமங்களில் இவை 1919க்குப் பிறகு சில ஆண்டுகளுக்குள் எழுந்தன. திறப்பு விழாத் தேதி உள்ளூர் ஆவணங்களில் கிடைத்துவிடும். சின்னம் இருந்தால் அதற்குப் பின், இல்லையென்றால் அதற்கு முன். சிவப்புத் தொலைபேசிக் கூண்டு கிராமங்களில் பரவலாக வந்தது 1936க்குப் பிறகு. கூரைமேல் தொலைக்காட்சி ஆன்டெனா என்றால் பெரும்பாலும் 1950கள். சாலைச் சந்திப்பில் கைகாட்டிப் பலகையில் எழுத்தே இல்லையென்றால் இரண்டாம் உலகப் போர்க் காலமா என்று யோசியுங்கள். எதிரி வந்திறங்கினால் வழி தெரியக்கூடாது என்று 1940இல் பலகைகளைக் கழற்றிவிட்டார்கள்.

மரங்களைக் கடந்துபோகாதீர்கள். பழைய கார்டுகளில் வயல் வரப்போரம் உயர்ந்து, தலைமேல் தலை வைத்ததுபோல் நிற்கும் எல்ம் மரங்கள் தென் இங்கிலாந்தின் முகமாகவே இருந்தன. 1960களின் கடைசியில் பரவிய நோய் 2 கோடிக்கும் மேற்பட்ட எல்ம்களைக் கொன்றது. அந்த வரிசை நிற்கும் நிலக்காட்சியை இன்று போய்த் தேடினால், மேட்டையும் பள்ளத்தையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உடையைப் பற்றி ஒரு வார்த்தை: நம்பாதீர்கள். கிராமத்து முதியவர் 1912இலும் 1890இன் கோட்டைத்தான் போட்டிருப்பார்.

ஒரு கார்டை எடுத்து மொத்தத்தையும் செய்து பார்ப்போம். குளோஸ்டர்ஷர் கிராமம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை 1925, ஐந்தாம் ஜார்ஜின் ஒரு பென்னித் தலை, பின்பக்கம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது, ஓரத்தில் ‘சாக்சனியில் அச்சிடப்பட்டது’. படத்தில் வெள்ளைப் புழுதிச் சாலை, ஒரு குதிரை வண்டி. புல்வெளியில் நினைவுச்சின்னம் இல்லை. இன்று அங்கே இருக்கிறது, திறந்தது 1920. விற்பவர் ‘1925 காட்சி’ என்பார். உண்மையில் தபாலில் போட்டது 1925, அச்சானது 1902க்கும் 1914க்கும் இடையில், படம் எடுத்தது அதற்கும் முன்பு. அனுப்பியவர் பதினோரு வருடமாவது பழைய ஊரின் முகத்தை ‘நான் தங்கியிருக்கும் இடம்’ என்று அனுப்பியிருக்கிறார்.

படி 6: கேமரா எங்கே நின்றது?

ஊர்ப் பெயர் அச்சிட்டிருந்தாலும் வேலை முடிவதில்லை. நம் பக்கத்தில் எத்தனை புதூர்களோ அங்கே அத்தனை நியூட்டன்கள், சட்டன்கள், நார்ட்டன்கள். மாவட்டம் தெரியவேண்டும். அதற்கு எண் பலகை, அனுப்பிய ஊரின் முத்திரை, கட்டடக் கல் மூன்றும் உதவும்.

திசைக்கு ஒரு நல்ல தந்திரம் உண்டு. இங்கிலாந்தின் பழைய பங்குத் தேவாலயங்கள் கிழக்கு மேற்காகக் கட்டப்பட்டவை. பீடம் கிழக்கில், கோபுரம் பெரும்பாலும் மேற்கு முனையில். படத்தில் கோபுரம் இடப்பக்கமும் நீண்ட கூரை வலப்பக்கமும் இருந்தால் கேமரா தெற்கே நின்று வடக்கைப் பார்க்கிறது. திசை தெரிந்துவிட்டால், விழும் நிழலை வைத்துக் காலையா மாலையா என்றும் சொல்லிவிடலாம்.

பிறகு பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடத்தைத் திறங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்துக்கான ஆறங்குல, இருபத்தைந்து அங்குல (ஒரு மைலுக்கு இத்தனை அங்குலம் என்ற கணக்கில்) வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு வீடும், கிணறும், சில தாள்களில் தனித்தனி மரமும்கூட அதில் குறிக்கப்பட்டிருக்கும். இன்றைய நிலைமைக்கு ஜியோகிராஃப் தளம். பிரிட்டனின் ஒவ்வொரு சதுர கிலோமீட்டருக்கும் படம் சேர்க்கும் திட்டம் அது.

மதுக்கடை தெரிகிறதா? பெரிதாக்கிப் பாருங்கள். உரிமம் பெற்றவரின் பெயர் வாசல் மேல் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பெயரைக் கெல்லி டைரக்டரியில் (ஊர்வாரியாகக் கடைக்காரர், தொழில்செய்வோர் பெயர்களைப் பட்டியலிட்ட புத்தகம்) தேடினால், அவர் எந்த ஆண்டுப் பதிப்பில் வந்து எதில் மறைகிறார் என்பதிலிருந்து படத்தின் வருடம் நெருங்கிவிடும். லெஸ்டர் பல்கலைக்கழகம் இவற்றை மின்னாக்கம் செய்து வைத்திருக்கிறது. கடைக்காரர், கொல்லர், பேக்கரி எல்லாருக்கும் இதே வழிதான்.

படி 7: மாளிகைகள்

பிரபுக்களின் மாளிகைக் கார்டுகள் மலிவு என்றேன். மலிவாக இருப்பதாலேயே ஆராயத் தொடங்குகிறவருக்கு நல்லது. காரணம், அவற்றில் பல இன்று இல்லை. இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஆயிரத்துக்கும் அதிகமான மாளிகைகளை இழந்தது. வாரிசு வரி, விளைபொருள் விலைச் சரிவு, வேலையாள் பஞ்சம், போர்களில் வாரிசுகளின் சாவு, ராணுவம் தங்கிவிட்டுப் போன சேதம் என்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்று.

ஸ்டாஃபர்ட்ஷரின் ட்ரென்தம் மாளிகை பக்கத்து மண்பாண்டத் தொழில் நகரங்களின் கழிவு கலந்த ஆற்று நாற்றத்தால் கைவிடப்பட்டு, 1910களின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. நாட்டிங்ஹாம்ஷரின் கிளம்பர் 1938இல் இடிந்தது. தேவாலயம் மட்டும் மிஞ்சியது. வூஸ்டர்ஷரின் விட்லி கோர்ட் 1937இல் எரிந்து கூடாக நிற்கிறது. நிலைத்த மாளிகையிலும் தேதிக்குச் சான்று உண்டு: டெர்பிஷரின் சாட்ஸ்வொர்த்தில் அதன் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் கட்டிய பிரம்மாண்டக் கண்ணாடித் தோட்டக்கூடத்தை 1920இல் தகர்த்தார்கள். அது முழுதாகத் தெரியும் படம் அதற்கு முந்தையது.

முதல் உலகப் போரில் பல மாளிகைகள் மருத்துவமனைகளாயின. ஹாம்ப்ஷரின் ஹைக்ளியர் அவற்றில் ஒன்று. புல்வெளியில் சாய்வு நாற்காலிகளும் நர்சுகளும், தளர்ந்த சட்டையும் டையுமாகச் சிப்பாய்களும் இருந்தால் பெரும்பாலும் 1914க்கும் 1919க்கும் இடையே என்று கொள்ளலாம்.

மாளிகைக் கார்டில் ஒரு ஜன்னலுக்கு மேல் பேனாவால் பெருக்கல் குறி போட்டிருந்தால் உடனே திருப்புங்கள். ‘இது என் அறை’ என்று எழுதியிருக்கும். விருந்தாளியாக இருக்கலாம், மேல்மாடிக் கூரையை ஒட்டிய சின்ன ஜன்னல் என்றால் பணிப்பெண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த மாளிகையின் குடும்பச் சரித்திரங்களில் அவளைப் பற்றி ஒரு வரி இருக்காது. இருக்கும் ஒரே எழுத்து இந்தக் கார்டாக இருக்கலாம்.

படி 8: காணாமல் போன ஊர்கள்

ஒரே இடத்தின் கார்டுகளை வருட வரிசையில் அடுக்க விரும்புகிறவர்களுக்கு சஃபோக் கடற்கரையின் டன்விச் ஊரைச் சொல்வேன். அங்கே ஆல் செயின்ட்ஸ் தேவாலயம் கரை அரிப்பால் 1904இல் கடலுக்குள் சரியத் தொடங்கி, 1919இல் கோபுரமும் விழுந்தது. அந்தப் பதினைந்து வருடமும் அஞ்சலட்டைப் படக்காரர்கள் விடாமல் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கார்டிலும் சுவர் கொஞ்சம் குறைவு. எத்தனை ஜன்னல் மிச்சம் என்று எண்ணினாலே வரிசை அமைந்துவிடும்.

டெவனின் ஹால்சாண்ட்ஸ் இன்னும் கசப்பான கதை. பிளிமத் பக்கத்தில் கப்பல்துறை விரிவாக்கத்துக்காக 1897 முதல் அந்த ஊருக்கு முன்னால் இருந்த கூழாங்கல்லைத் தோண்டி எடுத்தார்கள். கடற்கரை தாழ்ந்தது. 1917 ஜனவரி 26 புயலில் மீனவர் வீடுகள் போயின. கார்டுகளில் வீட்டையும் மக்களையும் விட்டுவிட்டுக் கற்கரையின் உயரத்தை மட்டும் ஒப்பிடுங்கள். அதிகாரிகளிடம் ஊரார் சொன்னது சரி என்பதற்கு அந்தப் படங்கள் சாட்சி.

டெர்பிஷரின் டெர்வென்ட், அஷாப்டன் இரண்டும் 1940களில் லேடிபோவர் நீர்த்தேக்கத்துக்குள் போயின. டார்செட்டின் டைனமும் வில்ட்ஷரின் இம்பரும் 1943 டிசம்பரில் ராணுவப் பயிற்சிக்காகக் காலிசெய்யப்பட்டு, மக்கள் திரும்பி வர விடப்படவே இல்லை. இந்த ஊர்களின் கார்டுகளுக்குப் போட்டி அதிகம், மறுபதிப்புகளும் அதிகம். டார்ச்சை மறக்காதீர்கள்.

படி 9: எழுதியவர்கள்

சேதிகள் பெரும்பாலும் வானிலை, ரயில் நேரம், பல்வலி. இருந்தாலும் அப்படியே எழுத்துப் பிசகாமல் படியெடுத்து வையுங்கள். முகவரியில் இருப்பவரை 1911, 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் தேடலாம். 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த மக்கள் பதிவேடும் உண்டு. தபால்தலையைச் சாய்த்து ஒட்டியிருந்தால் அது அவசரத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். சாய்வுக்கு ஒரு காதல் அர்த்தம் வைத்த வழக்கம் இருந்தது. 1950களுக்குப் பிந்தைய கார்டானால், பெறுநர் உயிரோடு இருக்கக்கூடும் என்பதால் முகவரியை மறைத்துவிட்டுப் பகிருங்கள்.

படி 10: ஸ்கேன், பெட்டி, குறிப்பு, உரிமை

இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள்; 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) போதும், அசல் புகைப்படத்துக்கு 1200. மூலக் கோப்பை டிஃப் (TIFF) வடிவில் வைத்துக்கொண்டு, சீர்செய்வதைப் பிரதியில் செய்யுங்கள்.

கார்டை பாலியெஸ்டர் உறையில் போடுங்கள், பி.வி.சி. உறை வேண்டாம், பசை ஒட்டிய ஆல்பம் வேண்டவே வேண்டாம். சென்னை, கொழும்பு ஈரப்பதத்தில் வைத்திருப்பவர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு மழைக்காலத்தில் மாற்ற வேண்டும். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டை போடாதீர்கள். இறுக மூடும் பெட்டியும் அடிக்கடி திறந்து பார்ப்பதும்தான் மருந்து.

குறிப்பில் மூன்று வயதையும் மூன்று வரியாக எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆதாரத்தோடு. ‘படம்: 1904–1914, எண் பலகை உண்டு, சாக்சனி அச்சு, நினைவுச்சின்னம் இல்லை’ என்பதுபோல. ஊகத்தை ஊகம் என்றே குறியுங்கள்.

வெளியிடும் முன் உரிமையைப் பாருங்கள். பிரிட்டிஷ் சட்டப்படி படைத்தவர் பெயர் தெரிந்தால் அவர் இறந்த ஆண்டு முடிவிலிருந்து 70 ஆண்டு; பெயர் தெரியாவிட்டால் பொதுவாக வெளியான ஆண்டு முடிவிலிருந்து 70 ஆண்டு. குவின்டனின் ஓவியங்கள் 2004 முடிவோடு விடுபட்டுவிட்டன. 1960களின் பளபளப்பு வண்ணக் கார்டுகள் இன்னும் இல்லை. விடுபட்டவற்றை அந்தந்தக் கிராமத்து வரலாற்றுச் சங்கத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். கடைவாசலில் நிற்கும் சிறுமி யார் என்று அங்கே யாராவது சொல்லக்கூடும். அந்தப் பெயரைச் சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.